பழைய காரில் ஹெட்லைட் தகராறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. அம்பாசடரும் அதே ஆண்டு நின்றது. பத்மினி அதற்கும் வெகு முன்பே போய்விட்டது. ஆனாலும் மூன்றும் இன்னும் நம் ஊர்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, ராத்திரியானால் பெரும்பாலும் அரை வெளிச்சத்தோடு. என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய மாருதி 800. அதன் ஹெட்லைட்டோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதையும், நண்பர்களின் அம்பாசடரிலும் பத்மினியிலும் கை வைத்துப் பார்த்ததையும் இங்கே கேள்வி பதிலாகத் தொகுத்திருக்கிறேன். நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன் இல்லை. ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பிடிவாதமும் உள்ள வண்டிக்காரன், அவ்வளவுதான்.

ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது. 100 வாட் பல்பு போட்டால் சரியாகிவிடுமா?

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். பதில்: வேண்டாம். குறைந்தபட்சம், முதல் வேலையாக வேண்டாம்.

சாதாரண எச்4 ஹாலஜன் பல்பு 60/55 வாட். ஹை பீமில் 60, லோ பீமில் 55. 12 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் ஒரு பல்பு ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 10. பழைய அம்பாசடர், பத்மினி காலத்துப் பல்புகள் 45/40 வாட்தான், அவை இன்னும் குறைவாகவே இழுக்கும். அந்த வண்டியின் ஒயர், ஸ்விட்ச், ஹோல்டர் எல்லாம் அந்த அளவுக்குத்தான் போடப்பட்டவை. அதில் 100/90 பல்பைப் போட்டால் இரண்டு பக்கமும் சேர்த்து 16 ஆம்பியரைத் தாண்டும். ஒயரில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால், 60 வாட்டோடு ஒப்பிட்டால் ஒயரும் இணைப்புகளும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சுடும். முதல் வாரம் வெளிச்சம் பிரமாதமாக இருக்கும். அப்புறம் ஹோல்டர் உருகும், ஸ்விட்ச் கருகும். இது போக, அந்த வாட் பல்பு சாலையில் ஓட்டச் சட்டப்படி அனுமதி இல்லாதது. எதிரே வருபவரின் சாபம் தனி.

அப்படியானால் மங்கலுக்கு உண்மையான காரணம் என்ன?

பல்புக்குப் போக வேண்டிய வோல்ட் பாதி வழியில் செலவாகிவிடுவதுதான். பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் ஃபியூஸ், லைட் ஸ்விட்ச், ஹை பீம், லோ பீம் மாற்றும் டிம் டிப் ஸ்விட்ச், ஒயர்களைச் சேர்க்கும் நான்கைந்து கப்ளர், கடைசியில் பல்பின் பின்னால் செருகும் ஹோல்டர் என்று போய், பல்பைத் தாண்டி எர்த் ஒயர் வழியாக பாடியில் இறங்கி, பாடியிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்ப வேண்டும். இருபத்தைந்து வருஷத்துத் துரு, பச்சை பிடித்த செம்பு, தளர்ந்த பின் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு 0.1, 0.2 வோல்ட் கழிந்துகொண்டே போகும்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. ஹாலஜன் பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் நிறையக் குறையும். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். 20 சதவீதம் குறைந்தால் பாதிகூட மிஞ்சாது. வெளிச்சமும் வெள்ளையாக இல்லாமல் பழுப்பு மஞ்சளாகத் தெரியும். இரண்டு பல்பும் பழுப்பாக எரிந்தால் பல்பைத் திட்ட வேண்டாம். அதற்குச் சாப்பாடு போய்ச் சேரவில்லை.

இதைக் கண்டுபிடிக்க என்னென்ன கருவி வேண்டும்?

ஒரு மல்டிமீட்டர், விலை மலிவானதே போதும். பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் (21 வாட்) இரண்டு ஒயர் பற்றவைத்து, நுனியில் கிளிப் மாட்டிய டெஸ்ட் லாம்ப். உப்புத்தாள், இணைப்புகளில் தெளிக்கும் காண்டாக்ட் கிளீனர், கொஞ்சம் வேஸ்லின். ஒயரைத் தொடும் எந்த வேலைக்கும் முன்னால் பேட்டரியின் எர்த் பக்கத்தைக் கழற்றிவிடுங்கள், கை மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். அளக்கும்போது மட்டும் மாட்டிக்கொள்ளலாம். பேட்டரியை, மோதிரத்தை அல்ல.

ஹோல்டரில் அளந்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டுகிறது. பல்பும் நல்ல பல்பு. ஆனால் எரியவில்லை. எப்படி?

கப்ளரை, அதாவது அந்த ஹோல்டரை, பல்பிலிருந்து உருவிவிட்டு அளந்திருப்பீர்கள். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம், நானும் ஏமாந்திருக்கிறேன்.

ஒயரில் முப்பது இழை இருந்து இருபத்தொன்பது அறுந்துபோனாலும், மீதி ஒரே ஒரு இழை மீட்டருக்கு 12 வோல்ட்டைக் காட்டிவிடும். ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் கொசுறு. பல்பு 5 ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த ஒற்றை இழையின் வண்டவாளம் தெரியவரும். அடைத்துக்கொண்ட தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். வாயை விரலால் பொத்தினால் விரலில் அழுத்தம் நன்றாகவே தெரியும். விரலை எடுத்தால் நூல் மாதிரி ஒழுகும்.

அதனால் ஹெட்லைட் விஷயத்தில் ஒரே விதிதான்: கப்ளர் பல்பில் மாட்டியிருக்க வேண்டும், லைட் போட்டிருக்க வேண்டும், அந்த நிலையில்தான் அளக்க வேண்டும். மீட்டர் ஊசியைக் கப்ளரின் பின்பக்கம் ஒயர் நுழையும் இடுக்கில் செருகினால் பின்னைத் தொடலாம். ஊசி போதாவிட்டால் ஒரு குண்டூசி உதவும். ஒயரின் தோலைக் குத்தாதீர்கள். அந்த ஓட்டை வழியாக அடுத்த மழைக்காலத்தில் துரு உள்ளே போகும்.

கோளாறு கரண்ட் வரும் பக்கமா, எர்த் பக்கமா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இரண்டு அளவு போதும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள், லைட்டைப் போடுங்கள்.

முதல் அளவு. சிவப்பு ஊசியை பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்தில் வையுங்கள்; கிளாம்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே. கறுப்பு ஊசியை எரிந்துகொண்டிருக்கும் பீமின் பின்னில் வையுங்கள். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். 0.5க்குள் இருந்தால் நல்ல வண்டி. ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு எடுக்கும் ஸ்விட்ச், பின்னால் வருகிறது) இல்லாத பழைய வண்டிகளில் 1, 1.5 என்றெல்லாம் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது அளவு. கறுப்பு ஊசி பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில், சிவப்பு ஊசி பல்பின் எர்த் பின்னில். இங்கே 0.2க்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பேட்டரியில் இருக்கும் ஊசியை அசைக்காமல், மற்ற ஊசியை மட்டும் ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி நகர்த்துங்கள். எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் சட்டென்று குறைகிறதோ, குற்றவாளி அந்த இணைப்புதான். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கமாக மாட்டி, மேலே கொஞ்சம் வேஸ்லின் தடவினால் முடிந்தது. பேட்டரி கிளாம்பையும் கம்பத்தையும் விட்டுவிடாதீர்கள். வெள்ளையாகப் பூத்த கிளாம்பிலேயே அரை வோல்ட் போகும்.

லோ பீம் போட்டால் ஒரு பக்கம் மங்கலாக எரிகிறது, டேஷ்போர்டில் ஹை பீமின் நீல விளக்கும் லேசாக மினுக்குகிறது. பேய் பிடித்ததா?

பிடித்திருப்பது துரு. அநேகமாக மங்கலாக எரியும் பக்கத்தில் எர்த் போய்விட்டது. எனக்குப் பிடித்த கோளாறு இதுதான், ஏனென்றால் காரணம் புரிந்துவிட்டால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

எச்4 பல்புக்குள் எரியும் இழை (ஃபிலமென்ட்) இரண்டு, ஆனால் எர்த் ஒன்றுதான். வலது பக்கத்து எர்த் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லோ பீம் இழைக்குள் வந்த கரண்டுக்கு வெளியேற வழி இல்லை. அது சும்மா இருக்காது. அதே பல்பின் ஹை பீம் இழைக்குள் தலைகீழாகப் புகுந்து, ஹை பீம் ஒயரில் ஏறி, இடது பக்கப் பல்பின் ஹை பீம் இழை வழியாக அந்தப் பக்கத்து எர்த்தில் இறங்கிவிடும். போகிற போக்கில் அதே ஒயரில் தொங்கும் நீல விளக்கையும் கொஞ்சம் மினுக்கவைக்கும். மூன்று இழை வரிசையாக நின்று 12 வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்வதால் எதுவுமே முழுதாக எரியாது. வலது பல்பின் இரண்டு இழையும் சிவந்து கிடக்கும். இடது பல்பில் லோ பீம் பளிச்சென்று இருக்கும்.

இண்டிகேட்டர், பார்க்கிங் லைட், ஹெட்லைட் மூன்றும் ஒரே எர்த் திருகில் சேரும் வண்டியில் இன்னும் வேடிக்கை. இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் துடிக்கும். ஒரு விளக்கைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று எரிந்தாலே முதலில் எர்த்தைச் சந்தேகியுங்கள்.

என் வண்டிக்கே இது வந்தது. பாடி வேலை முடித்து முழுக்கப் பெயிண்ட் அடித்து வந்த மறுநாளே வலது ஹெட்லைட் மங்கிவிட்டது. இரண்டு பல்பு மாற்றினேன், ஸ்விட்ச் மாற்றினேன், சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளுக்கு இரண்டு தடவை அலைந்தேன். கடைசியில் பார்த்தால் எர்த் ஒயரின் வளையம் பளபளக்கும் புதுப் பெயிண்ட்டின் மேல் அழகாகத் திருகப்பட்டிருந்தது. பெயிண்ட்டில் கரண்ட் பாயாது. திருகுக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் ஒன்று போட்டு இறுக்கியதும் சரியாகிவிட்டது. பெயிண்ட் வேலை முடிந்து வரும் வண்டியில் முதலில் எர்த் திருகுகளைப் பார்ப்பது அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது.

உறுதி செய்ய எளிய வழி: பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு தடித்த ஒயரைத் தற்காலிகமாக இழுத்து, பல்பின் எர்த் பின்னில் தொடுங்கள். தொட்டதும் பல்பு நிமிர்ந்து எரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஹை பீம் எரிகிறது, லோ பீம் எரியவில்லை. இரண்டு பக்கமும் அப்படியே. என்ன பார்ப்பது?

இரண்டு பல்பிலும் ஒரே நாளில் ஒரே இழை போவது அபூர்வம்தான், ஆனால் நடக்காதது இல்லை. ஒன்று போனதைக் கவனிக்காமல் ஒற்றை விளக்கிலேயே மாதக்கணக்கில் ஓட்டியிருப்போம், அப்புறம் மற்றதும் போயிருக்கும். அதனால் முதலில் பல்பைக் கழற்றி இழையைப் பாருங்கள். பல்பு நன்றாக இருந்தால், லோ பீமுக்குத் தனி ஃபியூஸ் உள்ள வண்டியா என்று பார்த்து அந்த ஃபியூஸைச் சோதியுங்கள். அதுவும் சரியென்றால் டிம் டிப் ஸ்விட்சுதான்.

பாஸ் அடிக்கும் வசதி உள்ள வண்டியில் ஒரு நல்ல சோதனை உண்டு. லைட் ஸ்விட்சைப் போட்டால் ஒன்றும் எரியவில்லை, ஆனால் பாஸ் அடித்தால் ஹை பீம் மின்னுகிறது என்றால் பல்பு, ஹோல்டர், எர்த் மூன்றும் ஒழுங்கு. கோளாறு ஸ்டியரிங் பக்கத்துக் காம்பினேஷன் ஸ்விட்சிலோ அதற்குக் கரண்ட் கொண்டுவரும் ஃபியூஸிலோ இருக்கிறது.

பழைய அம்பாசடரில் டிப் அடிக்கும் பொத்தான் காலடியில், கிளட்ச் பக்கத்தில் இருக்கும். செருப்பு மண், மழைத் தண்ணீர் எல்லாம் அதன் தலையில்தான் விழும். அது பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்த வண்டி. ஒயரின் நிறமும் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்சாதனக் கம்பெனியின் முறைப்படி இருக்கும். ஸ்விட்சிலிருந்து டிப் பொத்தானுக்கு வருவது நீலம், அங்கிருந்து ஹை பீமுக்குப் போவது நீலத்தில் வெள்ளைக் கோடு, லோ பீமுக்கு நீலத்தில் சிவப்புக் கோடு, எர்த் கறுப்பு. இடையில் யாரும் ஒயரிங் மாற்றாமல் இருந்தால் இந்த நிறங்களைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். ஐம்பது வருஷத்து வண்டியில் யாரும் மாற்றாமல் இருந்தால்தானே! (சென்னைக்காரர்களுக்கு லூகாஸ் என்றால் பாடி என்ற பகுதியில் உள்ள பஸ் ஸ்டாப். 1961 முதல் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் கம்பெனியால் வந்த பெயர் அது. அந்த லூகாஸும் இந்த லூகாஸும் ஒன்றுதான்.)

இன்னொரு எச்சரிக்கை. 1960களின் நடுப்பகுதிக்கு முந்தைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பல பாசிட்டிவ் எர்த். மிகப் பழைய வண்டியில் கை வைக்கும் முன் பேட்டரியின் எந்தக் கம்பம் பாடிக்குப் போகிறது என்று பாருங்கள்.

பல்பு மாதம் ஒன்று போகிறது. மட்டமான பல்பா?

மட்டமான பல்பும் உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனால் சார்ஜிங்கை அளந்து பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து பேட்டரிக் கம்பங்களில் அளந்தால் 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். 15ஐத் தாண்டினால் சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. வோல்ட் 5 சதவீதம் கூடினாலே ஹாலஜன் பல்பின் ஆயுள் பாதியாகிவிடும். பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதும் இதற்குக் கூடவே வரும் அடையாளம்.

ஒரே பக்கம் மட்டும் போனால் அந்தப் பக்கத்து ஹோல்டர் ஆடுகிறதா, பல்பை இறுக்கும் கம்பிக் கிளிப் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். எரியும் இழைக்கு அதிர்வு ஆகாது. அப்புறம், பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் சூடு ஏறிக் கண்ணாடி கெட்டுவிடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

ஹோல்டர் உருகிப்போயிருக்கிறது. பழைய ஹோல்டரையே சுரண்டி மாட்டலாமா?

கூடாது. பின்னும் பல்புக் காலும் சரியாகக் கவ்வாத இடத்தில் 0.2 ஓம் தடை இருந்தால்கூட, 5 ஆம்பியர் போகும்போது அந்தச் சின்னப் பின்னில் ஏறக்குறைய 5 வாட் சூடு உண்டாகும். 100 வாட் பல்பென்றால் அது 13 வாட்டைத் தொடும். கடையில் விற்கும் சின்ன சாலிடரிங் அயர்னின் சூடு அது. ஒருமுறை சூடேறிய பித்தளைப் பின் தன் இறுக்கத்தை இழந்துவிடும். நீங்கள் சுரண்டி மாட்டினாலும் மறுபடி தளர்ந்து மறுபடி உருகும். பீங்கான் ஹோல்டர் வாங்கிப் போடுங்கள். ஒயர் கருகி விறைப்பாகியிருந்தால் நல்ல செம்பு தெரியும் இடம் வரை வெட்டிவிட்டு, புது ஒயரைச் சாலிடர் செய்தோ கிரிம்ப் செய்தோ சேருங்கள். முறுக்கி டேப் ஒட்டுவது இன்னொரு கோளாறுக்கு விதை போடுவது.

ஃபியூஸ் போட்டவுடனே போய்விடுகிறது. பெரிய ஃபியூஸ் போடலாமா? எங்கள் ஊர் கடையில் கம்பி சுற்றிக் கொடுத்தார்கள்.

அந்தக் கம்பியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஃபியூஸ் போகாவிட்டால் ஒயர் போகும். ஒயர் டேஷ்போர்டுக்குப் பின்னால் எரியும், அங்கே உங்கள் கை எட்டாது.

ஷார்ட்டைக் கண்டுபிடிக்க ஃபியூஸ்களை வீணாக்கவும் வேண்டாம். ஃபியூஸை எடுத்துவிட்டு அந்த இரண்டு முனைக்கு நடுவே 21 வாட் டெஸ்ட் லாம்பை மாட்டுங்கள். இரண்டு ஹெட்லைட் பல்பிலிருந்தும் கப்ளரை உருவிவிடுங்கள். அதே ஃபியூஸில் பார்க்கிங் லைட் மாதிரி வேறு ஏதாவது தொங்கினால் அதையும் கழற்றுங்கள். இப்போது லைட் ஸ்விட்சைப் போட்டால், ஒழுங்கான வண்டியில் டெஸ்ட் லாம்ப் எரியக் கூடாது. பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஒயர் பாடியில் உரசுகிறது. லாம்ப் எரிந்துகொண்டே இருக்கட்டும். நீங்கள் ஒயரிங் கட்டை ஒவ்வொரு இடமாக ஆட்டிக்கொண்டே போங்கள். ரேடியேட்டர் மேல் பட்டை, ஹெட்லைட் கிண்ணத்தின் ஓட்டை, ஃபெண்டர் உள்பக்கம், பேட்டரித் தட்டின் அடி என இந்த நான்கு இடங்களில்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எந்த இடத்தைத் தூக்கும்போது லாம்ப் அணைகிறதோ, அங்கேதான் தோல் உரிந்த ஒயர் இருக்கிறது. ஹை பீமில் மட்டும் போகிறதா, லோ பீமில் மட்டும் போகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டால் தேடும் பரப்பு பாதியாகும். எலி உள்ள வீடென்றால் எலியையும் கணக்கில் வையுங்கள்.

டேஷ்போர்டுக்குள் ஷார்ட் என்று தெரிந்தால் நான் அதோடு நிறுத்திக்கொண்டு எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுவேன். அங்கே தலைகீழாகப் படுத்துக்கொண்டு வேலை செய்ய வயசு கேட்கவில்லை.

ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் லைட் அணைந்து வருகிறது.

தளர்ந்த இணைப்பு. லைட்டைப் போட்டுவிட்டு, ஒருவர் முன்னால் நின்று பார்க்க, இன்னொருவர் ஹோல்டர், கப்ளர், ஃபியூஸ் பெட்டி, ஸ்விட்ச் தண்டு என்று ஆட்டிப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் மாட்டிக்கொள்ளும். பழைய பத்மினி மாதிரி வண்டிகளில் வரும் பீங்கான் ஃபியூஸின் இரண்டு முனையும் வெறும் தகட்டுக் கவ்வலில்தான் நிற்கும். அந்தத் தகட்டைக் கொஞ்சம் உள்ளே வளைத்துவிட்டாலே பல நேரம் தீர்ந்துவிடும்.

வண்டி நின்று இன்ஜின் மெதுவாக ஓடும்போது மங்கல், ரேஸ் கொடுத்தால் பிரகாசம். இது கோளாறா?

டைனமோ உள்ள வண்டியில் பெரும்பாலும் இல்லை. டைனமோ மெதுவாகச் சுற்றும்போது சார்ஜ் கொடுக்காது. லைட் அப்போது பேட்டரியில் ஓடுகிறது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் லேசான மாற்றம் இருக்கலாம். மாற்றம் அதிகமாக இருந்தால் பெல்ட் தளர்வு, ஆல்டர்னேட்டர் பிரஷ், பேட்டரி கிளாம்ப், இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை ஆகியவற்றை இதே வரிசையில் பாருங்கள். கடைசியில் சொன்ன பட்டையை இன்ஜின் இறக்கி ஏற்றும்போது மாட்ட மறந்துவிடுகிறார்கள்.

ரிலே போட்டால் நல்லது என்கிறார்கள். உண்மையா?

உண்மை. பழைய காருக்குச் செய்யும் செலவுகளில் இதைவிடப் பலன் தரும் செலவு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் எர்த்தையும் ஹோல்டரையும் சரிசெய்த பிறகுதான். அழுகிய எர்த்துக்கு ரிலே மருந்து இல்லை.

ரிலே இல்லாத வண்டியில் 10 ஆம்பியரும் டேஷ்போர்டு வரை போய், ஸ்விட்சின் சின்னப் புள்ளிகள் வழியாகத் தாண்டி, மறுபடி முன்னால் வருகிறது. ரிலே போட்டால் ஸ்விட்ச் வழியாகப் போவது ரிலேயின் சுருளை இழுக்கத் தேவையான 0.2 ஆம்பியர் அளவுதான். பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்குப் போய்விடும். வெளிச்சமும் கூடும், இப்போது கிடைக்காத ஸ்விட்சின் ஆயுளும் கூடும்.

நாலு கால் ரிலே இரண்டு வாங்குங்கள், ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று. கால்களில் 30, 85, 86, 87 என்று எழுதியிருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஃபியூஸ் வழியாக 30க்கு. ஒவ்வொரு ரிலேக்கும் தனியாக 15 ஆம்பியர் ஃபியூஸ், அதுவும் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். 87லிருந்து அதே தடிமன் ஒயர் இரண்டு பக்கப் புது ஹோல்டருக்கும். முன்பு பல்புக்கு வந்த பழைய ஒயரை ஒரு பக்கத்து ஹோல்டரிலிருந்து எடுத்து 86இல் கொடுங்கள், ஹை பீம் ஒயரை ஒன்றில், லோ பீம் ஒயரை மற்றதில். 85 எர்த்துக்கு. ஹோல்டரின் எர்த்தையும் அதே 2.5 ஒயரில் புதிதாக இழுத்துவிடுங்கள். இன்னொரு பக்கத்துப் பழைய ஹோல்டரை வெட்டி எறியாமல் டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவையுங்கள். வழியில் ரிலே மக்கர் பண்ணினால் அதைப் பல்பில் செருகி வீடு வந்து சேரலாம்.

ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள், தண்ணீர் உள்ளே நிற்காது. கடற்கரை ஊர்க்காரர்கள் கால்களில் வேஸ்லினைத் தாராளமாகவே தடவலாம்.

லைட்டையே போடவில்லை, ஆனால் ஹோல்டரின் மூன்று பின்னிலும் 12 வோல்ட் காட்டுகிறது. என்ன கூத்து இது?

உங்கள் வண்டி எர்த் பக்கம் ஸ்விட்ச் செய்யும் வகையாக இருக்கலாம். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த சில பழைய வண்டிகளில் பல்பின் பொதுப் பின்னுக்கு பாசிட்டிவ் நேராக வந்து நிற்கும். ஸ்விட்ச் எர்த்தைத்தான் போட்டு எடுக்கும். கப்ளர் மாட்டியிருக்கும்போது இழைகள் வழியாகக் கசிந்து மூன்று பின்னிலும் 12 காட்டும். லைட் போட்டதும் எரியும் பீமின் பின் பூஜ்யத்துக்கு இறங்கும். இதில் மேலே சொன்ன அளவுகளைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ரிலே போடும்போதும் கவனம். பழைய ஹோல்டரின் பொதுப் பின்னில் உள்ள பாசிட்டிவ் ஒயரை 86க்கும், பீம் ஒயரை 85க்கும் கொடுக்க வேண்டும். வழக்கமான படத்தைப் பார்த்து 85ஐ எர்த்தில் திருகினால் அந்த ரிலே அணையவே அணையாது, இல்லாவிட்டால் எழவே எழாது. அணையாமல் இருந்தால் காலையில் பேட்டரி படுத்திருக்கலாம்.

பல்புக்குப் பதில் எல்இடி போட்டுவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் தீருமே?

கரண்ட் குறைவாக இழுக்கும், அது சரி. ஆனால் அந்தப் பிரதிபலிப்புக் கிண்ணம் எச்4 இழை நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது. எல்இடியில் வெளிச்சம் கிளம்பும் இடமும் திசையும் வேறு. உங்களுக்கு முன்னால் பத்தடி தூரம் வெள்ளைவெளேர் என்று இருக்கும், தூரத்தில் ஒன்றும் தெரியாது, எதிரே வருபவருக்குக் கண் போய்விடும். மழையில் இன்னும் மோசம். ஒழுங்காக வோல்ட் போய்ச் சேரும் 60/55 ஹாலஜனே இந்த வண்டிகளுக்குப் போதும் என்பது என் கட்சி.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்த விளக்கு போட்டிருக்கிறேன். எல்லோரும் எனக்கு லைட் அடிக்கிறார்கள்.

அது வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான விளக்காக இருக்கும். நமக்கு லோ பீம் இடது ஓரத்தில்தான் கொஞ்சம் மேலேறி ஓரத்தைக் காட்ட வேண்டும். அந்த விளக்கு வலது பக்கம் ஏறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஒயரிங்கில் சரிசெய்ய முடியாது. விளக்கைத்தான் மாற்ற வேண்டும்.

வோல்ட் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனாலும் சாலை தெரியவில்லை.

அப்போது மின்சாரத்தை விட்டுவிடலாம். கிண்ணத்தின் வெள்ளிப் பூச்சு உரிந்து சாம்பலாகியிருக்கிறதா, உள்ளே தண்ணீர் நின்று கறை பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சு போயிருந்தால் துடைக்க முயலாதீர்கள், மிச்சமும் துணியோடு வந்துவிடும். அம்பாசடர் மாதிரி 7 அங்குல வட்ட விளக்குள்ள வண்டிக்குப் புது விளக்கு எளிதாகக் கிடைக்கிறது. மாருதிக்குக் கொஞ்சம் அலைய வேண்டும்.

கிண்ணமும் நன்றாக இருந்தால் விளக்கின் பார்வை மாறியிருக்கும். சமதரையில், சுவரிலிருந்து விளக்கு 5 மீட்டர் தூரத்தில் இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் சீட்டில் ஓர் ஆள் உட்காரட்டும். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, லோ பீமின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகைத் திருப்புங்கள். மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் கணக்கு. திருகு துருவேறி இறுகியிருக்கும், முந்தின நாள் இரவே கொஞ்சம் எண்ணெய் விட்டுவையுங்கள். அவசரப்பட்டுத் திருகினால் அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காது உடைந்துவிடும். என் வண்டியில் இடது பக்கம் அப்படி உடைந்துதான் இன்னமும் எம்-சீல் பசையில் நிற்கிறது.